கோட்டைக்குள்ள இடிஞ்சு கிடக்கிற ஒல்லாந்தர் சேர்ச்சில வன்னிக்கும் பங்கு இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட ஞாயிறு பேப்பரில யாழ்ப்பாணக் கோட்டையையும் அதுக்குள்ள இருந்த ஒல்லாந்தர் சேர்ச்சையும் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சனான், வடிவாத்தான் எழுதியிருக்கு, படங்களும் நல்லம், ஆனா வாசிச்சு முடிச்சாப் பிறகு மனசுக்குள்ள ஒரு குறை, எழுதாமல் விட ஏலாமல் கிடக்கு. 1706இல கட்டினது, 1990இல இடிஞ்சது, இனி டூரிஸ்ட் ஆக்கள் வந்து பாப்பினம், இவ்வளவுதான் கதையெண்டு முடிச்சுப் போட்டியள். அந்த சேர்ச் யாழ்ப்பாண ரவுணுக்கு மட்டும் சொந்தமான சாமான் இல்லை ஐயா. ஆனையிறவுக்கு இங்கால வன்னியில இருக்கிற எங்களுக்கும் அதில பங்கு இருக்கு, நல்லதிலயும் இருக்கு கெட்டதிலயும் இருக்கு, அதை ஆரும் எழுதுறேல்லை.

நான் படிச்ச ஆள் இல்லை. மேசன் வேலை. பளைப் பக்கம் பிறந்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இப்ப கிளிநொச்சியில இருக்கிறன். சைவக்காரன், சேர்ச்சுக்குப் போறது கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். ஆனா பழைய கட்டிடமெண்டா எனக்குப் பைத்தியம், பொடியன் போனில எடுத்துத் தாற பிடிஎஃப்களையும் வாசிகசாலைப் புத்தகங்களையும் வாசிச்சு வாசிச்சு கொஞ்சம் சேத்து வைச்சிருக்கிறன்.

முதல்ல ஒரு விசயம். ஒல்லாந்தர் சேர்ச் எண்டா கனபேர் கத்தோலிக்கக் கோயில் மாதிரி ஒண்டெண்டு நினைக்கினம். இல்லை. அது சீர்திருத்த சபை, இங்கிலீசில பிரெஸ்பிற்றேரியன் எண்டு சொல்லுற ஒழுங்கில நடக்கிறது, ஆயர் எண்டு மேல ஒருத்தர் இல்லை, போதகரும் மூப்பர்மாரும் கூடி இருந்துதான் எல்லாம் முடிவெடுப்பினம். சுருவம் இல்லை, படம் இல்லை, மெழுகுதிரி இல்லை. அதால கட்டிடமும் வேற மாதிரி. பீடத்தைப் பாத்து நீட்டுக்குக் கட்டாமல் பிரசங்க மேடையைச் சுத்தி சனம் இருக்கிற மாதிரிக் கட்டுவினம். யாழ்ப்பாணக் கோட்டை சேர்ச்சும் அப்பிடித்தான், நாலு கையும் ஒரே அளவான சிலுவை வடிவம், அதாலதான் அதுக்கு குரூஸ் கெர்க் எண்டு பேர். பிளான் கீறிக் குடுத்தது மார்ட்டினஸ் லூசெகாம் எண்டவர், அவர் இஞ்ச ஆட்சி நடத்தின ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின்ர நில அளவைக்காரர் எண்டு எழுதியிருக்கு. அந்தக் காலத்தில அளக்கிறவர், கீறுறவர், கட்டுவிக்கிறவர் எல்லாம் ஒராள்தான் போல, இப்ப ஒரு மதில் கட்டுறதுக்கே மூண்டு பேரின்ர கையெழுத்து வேணும்.

சரி, வன்னிக்கு வாறன்.

1658 ஆனி மாசம் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியிட்ட, அதாவது போர்த்துக்கீசரிட்ட, இருந்து பிடிச்சவங்கள். படையோட வந்த போதகர் பிலிப்புஸ் பால்டேயஸ். அவர் 1665 வரைக்கும் இஞ்ச இருந்து, திரும்பிப் போய், எழுதின பெரிய புத்தகம் 1672இல ஆம்ஸ்டர்டாமில அச்சாகி வந்தது, அதுக்குள்ள எங்கட தமிழ் எழுத்தையும் போட்டிருக்கிறார், பிழையளோடதான், ஆனாலும் போட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தில யாழ்ப்பாணப் பட்டினத்தை நாலு பகுதியாப் பிரிச்சு எந்த ஊரில சேர்ச்சும் பள்ளிக்கூடமும் இருந்ததெண்டு ஒவ்வொண்டாச் சொல்லுறார். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, நாலாவது பச்சிலைப்பள்ளி. பச்சிலைப்பள்ளியில அவர் சொல்லுற ஊர்களுக்குள்ள புலோப்பளை இருக்கு, முகமாலை இருக்கு, தம்பகாமம் இருக்கு. இந்த ஊரெல்லாம் ஆனையிறவுக்கு அங்கால இருந்தாலும் இண்டைக்கு கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ள. முகமாலை எண்டா இப்ப உள்ள பிள்ளையளுக்கு என்ன தெரியும், முன்னரங்கு எண்டு தெரியும், கண்ணிவெடி எண்டு தெரியும், சிவப்பு மண்டையோட்டு அறிவிப்பு போட் தெரியும், வருசக்கணக்கா ஆக்கள் குந்தி இருந்து தடியால மண்ணைக் கிண்டிக் கிண்டி வெடி எடுத்த இடம். அந்த முகமாலையில 350 வருசத்துக்கு மேல முந்தி சேர்ச்சும் பள்ளிக்கூடமும் இருந்து பொடியள் வேதபாடம் சொன்னதெண்டு ஒருக்காவாவது ஆரும் சொல்லிக் குடுத்தவையோ? எங்களுக்குப் படிப்பிச்ச வாத்தியார்மாரும் சொல்லேல்லை. அவையளுக்கும் தெரியாதாக்கும்.

அந்தப் பள்ளிக்கூடம் சும்மா அன்பில நடத்தினது எண்டு நினைச்சிடாதேங்கோ. ஞானஸ்நானம் எடுத்தாத்தான் உத்தியோகம், பள்ளிக்கூடத் தோம்பில, அதாவது ஒல்லாந்தரின்ர பதிவுப் புத்தகத்தில, பேர் பதிஞ்சாத்தான் கலியாணமும் காணி உரிமையும் ஒழுங்கா நடக்கும், பிள்ளையளை அனுப்பாட்டி தண்டம். அப்ப சனம் என்ன செய்யும், போய் நிண்டு தண்ணி தெளிச்சுப் போட்டு வரும். 1663இல யாழ்ப்பாணத்தில 62,000க்கு மேல கிறிஸ்தவ ஆக்கள் எண்டு கணக்குக் காட்டினவங்கள். ஒல்லாந்தர் 1795இல கோட்டையை இங்கிலீசுக்காரனிட்ட குடுத்திட்டுப் போக, அந்தக் கணக்கும் அவங்களோட கப்பல் ஏறிப் போச்சுது. 1806இல கிளாடியஸ் புக்கானன் எண்ட பாதிரியார் யாழ்ப்பாணம் வந்து பாக்கேக்க புரட்டஸ்தாந்து போதகரெண்டு மிஞ்சி நிண்டது கிறிஸ்தியன் தாவீது எண்ட ஒரு தமிழர்தான், தஞ்சாவூரில சுவாட்ஸ் ஐயரிட்டப் படிச்சு வந்தவர். எங்கட சனத்தின்ர கெட்டித்தனத்தை நான் இதில காண்கிறன், மேலாலை சரியெண்டு தலையாட்டிப் போட்டு அடுப்படிக்குள்ள தங்கட சாமியைத் தாங்களே வைச்சிருந்திருக்கினம்.

அடுத்தது மடு, மன்னார்ப் பக்கம் மாதா கோயில் இருக்கிற இடம். இதை நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒல்லாந்தர் வந்த உடன கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தி, 1658இலயே குருமாரை ஒளிச்சு வைச்சிருக்கிறவைக்கு மரண தண்டனை எண்டு கட்டளை போட்டவங்கள். பறங்கி கட்டின கோயில்களை அப்பிடியே எடுத்துத் தங்கட சேர்ச்சா மாத்தினவங்கள், கோட்டைக்குள்ள இருந்த பறங்கிக் கோயிலிலதான் 1706 வரைக்கும் அவங்கட ஆராதனையும் நடந்தது. மாந்தையில மாதா சுருவத்தை வைச்சிருந்த ஒரு 20 குடும்பம் 1670இல அந்தச் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள்ள ஓடி மருதமடுவில வைச்சதெண்டு பரம்பரையாச் சொல்லி வருகினம். யாழ்ப்பாணத்தில இருந்தும் ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. அப்ப பாருங்கோ, கோட்டைக்குள்ள அந்த சேர்ச் எழும்பின கதையும் மடுவில ஓலைக் கொட்டில் எழும்பின கதையும் ஒரே கதையின்ர ரெண்டு பக்கம். 2008 சித்திரையில சண்டை மடுவுக்குக் கிட்ட வர அதே மாதாவைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனதை நாங்கள் எல்லாரும் அறிவம். ஓடுறது அந்த மாதாவுக்கும் புதுசில்லை, வன்னிச் சனத்துக்கும் புதுசில்லை.

மன்னார்க் கோட்டையையும் 1658இலதான் பிடிச்சவங்கள். அதுக்குள்ளயும் ஒரு சேர்ச் இடிஞ்சு கூரையில்லாமல் நிக்குது, கல்லறைக் கல்லுகளும் இருக்கு, பாலம் தாண்டின உடன வாற கோட்டைதான், ஆனா மன்னாருக்குப் போற எங்கட ஆக்கள் பெருக்கு மரத்தைப் பாத்திட்டு மீன் வாங்கிக்கொண்டு வந்திடுவினம்.

மூண்டாவது பங்கு காசு. இதுக்கு என்னட்டக் கணக்குக் கொப்பி இல்லை, ஆனா யோசிச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்த ஒல்லாந்தக் கொம்பனிக்குப் பெரிய வருமானத்தில ஒண்டு யானை. வன்னியை ஆண்ட வன்னியர்மார் திறையாக் குடுத்த யானை, வன்னிக் காட்டில கொப்பம் எண்ட பொறிக் குழி வெட்டிப் பிடிச்ச யானை, ஆனையிறவுக் கடலுக்கால நடத்திக் கொண்டு போய் யாழ்ப்பாணத்தில வித்தது, கோல்கொண்டாவில இருந்தெல்லாம் வியாபாரிமார் வந்து வாங்கினவை. போதகருக்குச் சம்பளம் குடுத்தது கொம்பனி, கட்டிடத்துக்குக் காசு இறைச்சது கொம்பனி. அப்ப அந்தச் சுவரில பாதிக் கல்லு வன்னி யானையின்ர முதுகில வந்ததெண்டு நான் சொன்னா அது பொய்யோ? திறை குடுத்துக் குடுத்து கடைசியில 1782இல வன்னியை நேரடியாவே பிடிச்சுக் கொண்டவங்கள். பேந்து இங்கிலீசுக்காரன் வந்தும் அடங்காமல்தான் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803இல முல்லைத்தீவுக் கோட்டையில ஏறினது. அது வேற கதை, எழுதத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது.

சேர்ச் கட்டின அதே 1706இலதான் ஒல்லாந்தக் கவர்னர் யோவான் சைமன்ஸ் தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர சொத்து வழக்கச் சட்டத்தை, எழுத்தில எழுதச் சொன்னது. கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட அதிகாரி, யாழ்ப்பாணத்தில 37 வருசம் இருந்த மனுசன், எழுதிக் குடுக்க ஊர்த் தலைவர்மாரான 12 முதலிமார் பாத்து சரியெண்டு சொல்ல 1707இல சட்டமாச்சுது. இண்டைக்கும் வன்னியில ஒரு காணி உறுதி எழுதப் போனா சீதனம், முதுசம், தேடியதேட்டம் எண்டு நொத்தாரிசு கேக்கிறது அந்தக் கதைதான். சுவர் இடிஞ்சு போச்சு, கடுதாசி இடியேல்லை.

இனி கல்லறைக் கல்லுகள், இதுதான் என்ர முக்கியமான விசயம்.

கொஞ்சக் காலம் கொழும்பில கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கட்டிட வேலைக்குப் போய் நிண்டனான், அங்க கிட்டத்தான் வுல்ஃபெண்டால் எண்ட ஒல்லாந்தர் சேர்ச். 1749இல தொடங்கி 1757இல திறந்த கட்டிடம். பகல் சாப்பாட்டு நேரத்தில வாசலில நிண்டு எட்டிப் பாக்க, காவலுக்கு நிண்ட ஐயா உள்ள போய்ப் பாரும் தம்பி எண்டு விட்டவர். சுவர் அஞ்சடி தடிப்பு வரும், கபொக் கல்லும் (செம்புறாங்கல்) சுண்ணாம்பும். வெளியில தாரை உருக்கிற வெயில், உள்ளுக்க குளிர். நிலம் முழுக்கக் கல்லறைக் கல்லு. ஒல்லாந்தரிட்ட அது வழக்கம், வசதியான ஆக்களைக் காசு கட்டி சேர்ச்சுக்குள்ளயே தாட்டு மேல கல்லைப் போடுவினம், காசில்லாத ஆக்களுக்கு வெளியில வளவுக்குள்ள சேமக்காலை. கொழும்புக் கோட்டைக்குள்ள இருந்த பழைய சேர்ச் பாழாப் போக, 1813இல அங்க கிடந்த கல்லுகளையும் கவர்னர்மாரின்ர எலும்பையும் எடுத்து வுல்ஃபெண்டாலுக்குக் கொண்டு வந்தவங்கள். அப்ப ஆட்சி இங்கிலீசுக்காரன்ர கையில. சண்டை பிடிச்சுத் துரத்தின எதிரியின்ர எலும்பெண்டு அவன் வீசி எறியேல்லை. இதை மட்டும் கவனிச்சு வையுங்கோ. அந்த சேர்ச்சில இப்பவும் தமிழ் ஆராதனை நடக்குது. அந்தச் சபையில போதகரா இருந்த பிலிப்பு தெ மெல்லோ எண்ட கொழும்புத் தமிழர்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில போட்டு 1759இல கொழும்பில அச்சடிப்பிச்சவர், அவரும் யாழ்ப்பாணத்தில கனகாலம் ஊழியம் செய்தவர். உங்கட கட்டுரையில அவரின்ர பேரும் இல்லை.

யாழ்ப்பாணக் கோட்டை சேர்ச்சின்ர நிலத்திலயும் அப்பிடிக் கல்லுகள் பதிச்சிருந்தது, பழைய பறங்கிக் கோயிலில கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து பதிச்சதும் இருந்தது, அதால சேர்ச்சை விட வயசு கூடின கல்லும் இருந்தது. அது எங்கட ஊர்க் கல்லில்லை. யாழ்ப்பாணத்தில கிடைக்கிறது சுண்ணாம்புக் கல்லும் முருகைக் கல்லும், அதில உந்த மாதிரி நுணுக்கமா எழுத்து வெட்ட ஏலாது, வெட்டினாலும் நிக்காது. கருங்கல்லை அங்கால சோழமண்டலக் கரையில, பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் எண்ட கொம்பனி ஊர்களில இருந்து வெட்டி கப்பலில கொண்டு வந்தவங்கள். ஆறடி நீளம் மூண்டடி அகலம் அரையடி தடிப்பெண்டு வைச்சுப் பாருங்கோ, 9 கன அடி, ஒரு கன அடி கருங்கல் 75 கிலோ மட்டில வரும், அப்ப ஒரு கல்லு 675 கிலோ. அதைக் கடலால கொண்டு வந்து இறக்கி, நகத்தி, மட்டம் பிடிச்சு, விளிம்பு உடையாமல் பதிக்கிறதெண்டா சும்மா வேலையில்லை. வெட்டினது ஆர், அந்தக் கரையில இருந்த எங்கட கல்தச்சர்மார். ஒல்லாந்த எழுத்து ஒண்டும் வாசிக்கத் தெரியாது, கடுதாசியில எழுதிக் குடுத்ததைப் பாத்து அப்பிடியே வெட்டியிருக்கினம், வம்சச் சின்னம், மண்டையோடு, மணல் கடிகாரம், பூக்கொடிக் கரை. கரையில இருக்கிற கொடியைப் பாத்தா எங்கட கோயில் தூணில ஓடுற கொடி மாதிரியே வளையும். கைப்பழக்கம் போகாதே. செத்த ஆளின்ர வயசை இத்தினை வருசம் இத்தினை மாசம் இத்தினை நாள் எண்டு கணக்கா வெட்டியிருப்பினம், கனக்கத் தாய்மாரும் சின்னப் பிள்ளையளும்தான், காய்ச்சலும் பேறுகாலமும் கொம்பனி ஆள் கூலி ஆள் பாக்கேல்லை. ஆனா எங்கட ஆக்கள் ஒருத்தரின்ர பேரும் அந்தக் கல்லில வராது. அவையளின்ர பேர் தோம்பில கிடக்கு, வரி கட்டுறதுக்கு.

இது எல்லாத்தையும் ஒருக்கா எழுதி வைச்சிருக்கிறாங்கள் எண்டதுதான் எங்களுக்கு வாய்ச்ச அதிட்டம். 1877இல லியோபோல்ட் லூடோவிசி எண்டவர் ஒல்லாந்தர் கல்லறைகளை ஒரு புத்தகமாப் போட்டார். 1913இல ஜே. பி. லூயிஸ் எண்ட சிவில் சேர்விஸ்காரர் இலங்கை முழுக்க உள்ள கல்லறைக் கல்லு, நினைவுக் கல்லு எழுத்துகளை ஊர் ஊரா எடுத்துப் பெரிய பட்டியலாப் போட்டார். அந்த லூயிஸ் ஆர் தெரியுமோ? எங்கட வன்னியில உத்தியோகம் பாத்து 1895இல வன்னி மாவட்டங்களைப் பற்றி கையேடு எழுதின அதே மனுசன். வவுனியா, முல்லைத்தீவு, குளம், காடு, சனம், எல்லாம் அந்தக் கையேட்டில இருக்கு. வன்னியில இருக்கேக்க பழகின பழக்கம் போல, ஒண்டையும் விடாமல் எழுதி வைக்கிறது.

1990 ஆனியில சண்டை தொடங்கி புரட்டாதி கடைசியில ஆமி கோட்டையை விட்டுப் போகும் வரைக்கும் மேலால குண்டு, வெளியில இருந்து ஷெல். சேர்ச் அதுக்குள்ள போச்சுது. ஆர் போட்டதில எந்தச் சுவர் விழுந்தது எண்டு பிரிச்சு எழுத நான் வரேல்லை. பிறகு நெதர்லாந்து அரசாங்கத்தின்ர காசோட 2010 மட்டில இருந்து கோட்டை மதிலைத் திருத்தினவங்கள், நல்லா செய்திருக்கிறாங்கள், தொழில்காரன் கண்ணால பாத்துச் சொல்லுறன். சேர்ச் மட்டும் கற்குவியல். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போன நேரம் பாத்தனான், அதுக்கு மேல ஏறி நிண்டு பொடியள் செல்பி எடுக்கிறாங்கள். பொடியளில பிழை சொல்ல ஏலாது, கீழ என்ன கிடக்கெண்டு அவங்களுக்கு ஆர் சொன்னது?

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. அந்தக் குவியலை ஒழுங்கா ஆள் வைச்சுப் பிரிக்க வேணும். எழுத்து இருக்கிற துண்டு, கொடி இருக்கிற துண்டு, கருங்கல் துண்டு எதெண்டாலும் எடுத்துக் கழுவி நம்பர் போட்டு போட்டோ எடுக்க வேணும். நாலு எழுத்து மிஞ்சியிருந்தாக் காணும், லூயிஸின்ர பட்டியலோட பொருத்திப் பாத்தா எந்தக் கல்லு, ஆரின்ர கல்லு எண்டு பிடிக்கலாம். பிடிச்சதைத் தமிழில எழுதி அதிலயே ஒரு போட் வைக்க வேணும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில வரலாறும் தொல்லியலும் படிக்கிற பிள்ளையள் இருக்கினம், அவையளுக்கு இது நல்ல பழக்கம். அந்த போட்டில பச்சிலைப்பள்ளியும் மடுவும் யானையும் வர வேணும். கிளிநொச்சியில இருந்தும் முல்லைத்தீவில இருந்தும் ஒவ்வொரு வருசமும் ஸ்கூல் ரூர் போற பஸ்கள் நல்லூர், நூலகம், கோட்டை, கசூரினா எண்டு ஓடுது, கோட்டையில இறங்கிற பிள்ளை தன்ர ஊரின்ர பேரை அங்க வாசிக்கட்டும்.

புதுசா அதே மாதிரி சேர்ச் கட்ட வேணும் எண்டு சிலர் சொல்லுகினமாம். வேண்டாம். இடிஞ்சது இடிஞ்சதாவே நிக்கட்டும், கிடைக்கிற துண்டுகளுக்கு மேல ஒரு கூரை போட்டாக் காணும். ஆனா மிஞ்சி நிக்கிற சுவரில சீமெந்து பூச மட்டும் விடக்கூடாது, இதைத் தொழில்காரனாச் சொல்லுறன். முருகைக் கல் கடலில இருந்து எடுத்தது, அதுக்குள்ள உப்பு இருக்கு. பழைய ஆக்கள் சுண்ணாம்புச் சாந்து போட்டு கட்டினதுக்குக் காரணம் இருக்கு. மழைக்கு ஊறின சுவர் வெயிலுக்கு அந்தச் சாந்துக்கால ஈரத்தை விட்டிடும், உப்பும் சாந்திலதான் வந்து பூக்கும், சாந்து உதிரும், நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசினாச் சரி. சீமெந்து ஈரத்தை விடாது. அது கல்லை விட இறுக்கம். அப்ப உள்ள நிக்கிற ஈரம் கல்லுக்காலதான் வெளிய வரப் பாக்கும், உப்பு கல்லுக்குள்ளேயே கட்டிபட்டு முகத்தை உடைச்சுக்கொண்டு வரும், சாந்து அப்பிடியே வடிவா நிக்கும் கல்லு மாவாக் கொட்டும். எங்கட பக்கம் எத்தினை பழைய கோயில் மதிலில இதைக் கண்டிட்டன். ஒரு கோயிலில தர்மகர்த்தா ஐயாவுக்கு எவ்வளவோ சொல்லியும் கேக்காமல் வேற ஆளைப் பிடிச்சு சீமெந்து அடிச்சு வெள்ளையும் பூசி கும்பாபிசேகமும் முடிச்சு, ரெண்டாம் மாரிக்கு மதில் பொருக்கு விட்டு நிண்டது. சுண்ணாம்பு நீறவைச்சு வேலை செய்யத் தெரிஞ்ச கிழவன்மார் இன்னும் ஒண்டு ரெண்டு பேர் இருக்கினம், அவையள் போக முந்தி பொடியளைப் பழக்க வேணும்.

இதைக் கதைச்சா உடன சில பேர் கேப்பினம், என்னட்டயும் கேட்டவை, எங்களை அடிமைப்படுத்தின வெள்ளைக்காரன்ர சவக்கல்லுக்கு உனக்கென்ன கவலை, எங்கட பிள்ளையளின்ர கல்லு எங்கை எண்டு. நியாயமான கேள்விதான், நான் அதுக்குக் கோவிக்கேல்லை. சண்டையில செத்த எங்கட பிள்ளையளைத் தாட்ட கனகபுரம், விசுவமடு மாவீரர் துயிலும் இல்லங்களில இருந்த கல்லறைகளை புல்டோசர் போட்டுத் தரைமட்டமாக்கினதை நாங்கள் இந்தக் கண்ணால கண்டனாங்கள். கனகபுரத்தில உடைஞ்ச துண்டுகளைச் சனம் பொறுக்கி ஒரு இடத்தில குவிச்சு வைச்சுக் கும்பிட்டது. அதில பேர் பாதி இருக்கிற துண்டும் இருந்தது, பேரே இல்லாத துண்டும் இருந்தது. அப்பிடி ஒரு துண்டைக் கையில எடுத்துப் பாத்தவனுக்கு இன்னொருத்தன்ர கல்லறையை மிதிக்க மனம் வராது ஐயா, அவன் ஒல்லாந்தனா இருந்தா என்ன ஆரா இருந்தா என்ன. கல்லை உடைக்கிறது பிழையெண்டு நாங்கள் மற்றவனுக்குச் சொல்லுறதெண்டா எங்கட கைக்குள்ள கிடக்கிற கல்லை முதல்ல நாங்கள் ஒழுங்கா வைச்சிருக்க வேணும். எங்கட பட்டியல் இன்னும் முழுசா எழுதுப்படேல்லை. ஒல்லாந்தன்ர பட்டியல் ரெண்டு முறை எழுதி அச்சடிச்சுக் கிடக்கு. அந்த வேலை எப்பிடிச் செய்யிறதெண்டு எங்கட பிள்ளையள் அதில பழகட்டும் எண்டுதான் சொல்லுறன், பழகினாப் பிறகு செய்ய வேற வேலை இருக்கு.

அமெரிக்க மிசன்காரரைப் பற்றியும் ரெண்டு வரி எழுத வேணும், ஏனெண்டா 1816இல அவையள் வந்தவுடன தெல்லிப்பழையிலயும் வட்டுக்கோட்டையிலயும் ஏறிக் குந்தினது ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன உந்தப் பாழடைஞ்ச சேர்ச்சுகளிலதான், கூரை போட்டுத் திருத்தி. அவையளில மானிப்பாயில இருந்த டொக்டர் கிறீன், தமிழில மருத்துவம் படிப்பிச்ச மனுசன், 1884இல தன்ர ஊர் வூஸ்டரில செத்தவர், அவரின்ர கல்லறையில தமிழருக்கான வைத்திய ஊழியர் எண்டு வெட்டியிருக்கு. அமெரிக்காவில ஒரு கல்லில எங்கட பேர் பத்திரமா நிக்குது, அவங்கள் புல்லு வெட்டித் துப்புரவா வைச்சிருக்கிறாங்கள்.

தொல்பொருள் திணைக்களத்துக்கும் வடக்கு மாகாண சபைக்கும் உங்கட பேப்பருக்கால இந்த விசயம் போய்ச் சேரட்டும். குவியலைப் பிரிக்கிறதெண்டு முடிவெடுத்தா, கல்லுத் தூக்கிற வேலைக்கு நானும் என்னோட வேலை செய்யிற பொடியளும் கூலியில்லாமல் வருவம், செயின் புளொக்கும் பலகையும் எங்களிட்டயே இருக்கு, அவையள் சாப்பாடு தந்தாச் சரி. ஜேசிபி கொண்டு வந்து அள்ளுற வேலையெண்டா எங்களைக் கூப்பிட வேண்டாம்.

கடிதம் நீண்டு போச்சு, முழுக்கப் போட உங்களிட்ட இடம் காணாது எண்டு தெரியும். வெட்டுறதெண்டா சீமெந்துப் பந்தியை வெட்டுங்கோ, அதை நான் கோட்டைக்குப் போகேக்க அங்க நிக்கிற ஆக்களிட்ட நேரிலயே சொல்லுவன். மடுவையும் முகமாலையையும் மட்டும் வெட்டாதேங்கோ.

இப்படிக்கு,
பளையில பிறந்த மேசன் ஒருத்தன்,
கிளிநொச்சி.